சென்னையிலிருந்து காஞ்சிபுரம்: மாமியாரோடும் மகளோடும் ஒரே நாளில் தரிசித்துத் திரும்ப முடியுமா?

பெரம்பூர் வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு காஞ்சிபுரம் சென்றுவர எண்ணியிருக்கிறோம். சென்னையில் இருப்பவர்களுக்கு அது 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர்தான் என்றாலும், திருமணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போனதைத் தவிர நாங்கள் அந்த ஊரைச் சரியாகப் பார்த்ததில்லை. முக்தி தரும் ஏழு நகரங்களில் ஒன்று என்று அயோத்தியோடும் காசியோடும் சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இவ்வளவு அருகில் இருக்கும்போது, அதைக் கடைத்தெருவாக மட்டுமே அறிந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது. என் மாமியார் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர். அண்மையில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பார்வை தெளிந்ததும், முதலில் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. படி ஏறுவது கடினம். மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். கைலாசநாதர் கோயிலைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறாள். என் பிறந்த வீடு வைணவக் குடும்பம் என்பதால் வரதராஜப் பெருமாளைச் சேவிக்காமல் வர எனக்கும் மனம் இல்லை.

சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒருவரிடம் விசாரித்தபோது, ஒரே நாளில் ஆழ்வார்கள் பாடிய பெருமாள் கோயில்களான 14 திவ்ய தேசங்கள், ஐந்து சிவத்தலங்கள், அதன் பிறகு பட்டுக் கடை என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார். அது நடக்கக்கூடியதுதானா? இல்லையென்றால் எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது? வெறும் பெயர்களை எழுதாமல், ஏன் அதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மகளுக்கும் பயன்படும்.

திருவல்லிக்கேணி வாசகர்:

அம்மா, வணக்கம். தாங்கள் சொல்லும் பட்டியலை ஓர் இளைஞர் குழு மூச்சுப் பிடித்து முடித்துவிடலாம். முழங்கால் வலியுள்ள பெரியவரை அழைத்துக்கொண்டு அதை முயல்வது அவருக்குத் தண்டனையாகவே முடியும். காஞ்சிபுரத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது தொலைவு அல்ல, நடை சாத்தும் வேளைதான். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 மணி அளவில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் மீண்டும் திறப்பார்கள். ஆகவே காலை வேளை, மாலை வேளை என்ற இரண்டு சிறு பொழுதுகள்தான் உங்கள் கையில் இருக்கின்றன.

ஊரின் அமைப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், குமரகோட்டம், உலகளந்த பெருமாள், கைலாசநாதர் ஆகிய கோயில்கள் பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கின்றன. வரதராஜப் பெருமாள் கோயில் தென்கிழக்கே சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறது. காலை வேளையைப் பெரிய காஞ்சிபுரத்துக்கும் மாலை வேளையைச் சின்ன காஞ்சிபுரத்துக்கும் ஒதுக்கினால் ஆட்டோவிலும் வெயிலிலும் நேரம் வீணாகாது. சென்னையிலிருந்து ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடுவது நல்லது.

ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. 192 அடி உயரம் என்பார்கள். உள்ளே இருப்பது பஞ்சபூதத் தலங்களில் நிலத்துக்குரிய பிருத்வி லிங்கம். அம்பிகை மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டபோது கம்பையாறு பெருகி வந்ததாகவும், லிங்கம் கரைந்துவிடக் கூடாதே என்று அவள் மார்போடு தழுவிக்கொண்டதாகவும் தலபுராணம் சொல்கிறது. மணல் லிங்கம் என்பதால் அந்தத் திருமேனிக்கு நீரபிஷேகம் செய்வதில்லை. இந்தக் கதையைச் சன்னதிக்குள் போகும் முன்பே மகளுக்குச் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு நிற்பவருக்கு அந்தச் சில நொடித் தரிசனமே போதுமானதாக இருக்கும். பிரகாரம் மிகப் பெரியது. மாமியாரை முழுவதும் சுற்ற வைக்காமல், மாமரத்தடியில் சற்று உட்கார வையுங்கள்.

காஞ்சிச் சிவாலயங்களில் அம்பாளுக்குத் தனிக் கருவறை இருப்பதில்லை. எல்லாருக்கும் பொதுவான அம்பிகை காமாட்சிதான். ஆகவே ஏகாம்பரநாதரைத் தரிசித்த பிறகு காமாட்சியிடம் செல்வதே முழுமையான வழிபாடு. அவள் பத்மாசனத்தில் அமர்ந்த கோலத்தில், கரும்பு வில்லும் மலர்க்கணையும் பாசாங்குசமும் ஏந்தியிருக்கிறாள். முன்பு இங்கே இருந்த பொன் திருமேனியான பங்காரு காமாட்சி, படையெடுப்புக் காலத்து அச்சத்தால் எடுத்துச் செல்லப்பட்டுத் தஞ்சாவூரில் நிலைபெற்றாள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பம் அவளைப் பூசித்துவந்த குடும்பம்தான். மார்கழியில் நம் சபாக்களில் அவர் கீர்த்தனைகளைக் கேட்பவர்கள் இந்தத் தொடர்பை அறிந்திருந்தால் காமாட்சியின் முன் நிற்கும்போது மனம் இன்னும் கனியும்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் வரதர் எழுந்தருளியிருக்கும் அத்திகிரி என்னும் சிறு குன்றுக்கு 24 படிகள் ஏற வேண்டும். மாமியாரால் முடியவில்லை என்றால் கீழே பெருந்தேவித் தாயார் சன்னதியில் அவரை அமரவைத்துவிட்டு நீங்கள் மேலே சென்று வரலாம். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்கும் கல் சங்கிலிகளையும், தூண்களில் பாயும் குதிரை வீரர்களையும் பார்க்கத் தவறாதீர்கள். அத்தி மரத்தாலான அத்தி வரதர் நீருக்குள் உறையும் அனந்தசரஸ் திருக்குளமும் அங்கேதான் இருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அவர் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து 48 நாட்கள் காட்சி தந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

நண்பகல் இடைவெளியில் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் தறியைப் பாருங்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவையை நெய்வது எவ்வளவு உழைப்பு என்று கண்ணால் கண்ட பிறகு கடையில் பேரம் பேச மனம் வராது. புடவை வாங்குவதை வேறொரு நாளுக்கு ஒத்திவையுங்கள்.

தாம்பரத்துக் கல்வெட்டு ஆர்வலர்:

மேலே பெரியவர் சொன்ன வரிசையை ஏற்கிறேன். உங்கள் மகளுக்காக அதில் ஒரு திருத்தம் மட்டும் வேண்டுகிறேன்: கைலாசநாதர் கோயிலைக் காலையில் முதலாவதாகவும், வைகுந்தப் பெருமாள் கோயிலை மாலை நடை திறந்தவுடனும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இரண்டையும் ஒரே நாளில், இதே வரிசையில் பார்ப்பவருக்குப் பல்லவ வரலாறு ஒரு தொடர்கதையைப் போலத் திறந்துகொள்ளும்.

கைலாசநாதரை எழுப்பியவன் ராஜசிம்மன் என்று பெயர்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன், காலம் கி.பி. 700-ஐ ஒட்டியது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவனுடைய பணியே. கிழக்கு நோக்கிய கோயில் என்பதால் காலை வெயில் மணற்கல்லின் மீது விழும்போது சிற்பங்கள் தெளிவாகத் தெரியும். அடித்தளம் கருங்கல்லால் ஆனதால் உறுதியாக நிற்கிறது. மேலே உள்ள மணற்கல் தேய்ந்து, பிற்காலத்தில் பூசிய சுதை சில இடங்களில் பழைய வடிவத்தை மறைத்திருக்கிறது. எது பல்லவச் சிற்பி செதுக்கியது, எது பின்னால் பூசியது என்று பிரித்துப் பார்க்க மகள் பழகிக்கொண்டால், பிறகு எந்தப் பழைய கோயிலுக்குச் சென்றாலும் அந்தப் பயிற்சி உதவும்.

சுற்றுமதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள் இருக்கின்றன. அவற்றின் அடிப்பகுதியில் ராஜசிம்மனின் பட்டப் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சில மாடங்களின் உட்சுவரில் ஓவியங்களின் எச்சம் தெரியும்; பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1931-இல் இவற்றைக் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னார். ஒரு கண், ஒரு தோள், மணிமுடியின் ஒரு விளிம்பு என்று துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கின்றன. அவசரமாகச் செல்பவர் கண்ணுக்கு அவை வெறும் கறையாகவே தோன்றும். ஒரு மாடத்தின் முன் அமைதியாக நின்று பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கும். வாயிலுக்கு முன்னால் உள்ள சிற்றாலயங்களில் ஒன்று அரசி ரங்கபதாகை எடுப்பித்தது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். கருவறையில் 16 பட்டைகள் கொண்ட லிங்கமும், அதன் பின்சுவரில் சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பமும் உள்ளன. கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் தவழ்ந்து செல்ல வேண்டியிருக்கும். மாமியாரை அதில் நுழைய விடாதீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. அந்தக் கோயிலின் ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல்லவரின் பரம்பரைப் பகைவரான சாளுக்கியரில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றி, இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்ட பிறகு அதைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான் என்பதைச் சொல்லும் கல்வெட்டு அது. பகை அரசனின் சொல் பகை நாட்டின் தலைநகரில், அவன் மொழியிலேயே, 1,250 ஆண்டுகளுக்கும் மேலாக அழிக்கப்படாமல் நிற்கிறது. அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயலை அறிஞர்கள் காண்கிறார்கள். பின்னாளில் சோழர் காலக் கல்வெட்டு இந்தக் கோயிலைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று குறிக்கிறது.

விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தபோது இங்கே அரசனாக இருந்தவன் இரண்டாம் நந்திவர்மன். அவன் எடுப்பித்ததுதான் பரமேசுவர விண்ணகரம் எனப்படும் வைகுந்தப் பெருமாள் கோயில். சிங்கத் தூண்கள் வரிசையாக நிற்கும் திருச்சுற்றின் சுவர் முழுவதும் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. பிரமனில் தொடங்கி, முடிசூட்டு விழாக்கள், போர்கள், தூதர்கள், குதிரைகள், யானைகள் என்று வரிசையாகச் செல்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்தபோது அமைச்சர்களும் கடிகை என்னும் கல்விக்கழகத்தாரும் பெருமக்களும் பல்லவரின் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று ஓர் அரசனை வேண்டினார்கள். அவருடைய மூத்த மகன்கள் மூவரும் மறுத்துவிட, 12 வயதே ஆன கடைசி மகன் பல்லவமல்லன் நான் போகிறேன் என்று முன்வந்தான். அந்தச் சிறுவன்தான் நந்திவர்மன். தந்தை கலங்கியதையும், மகன் புறப்பட்டதையும், காஞ்சியில் அவன் வரவேற்கப்பட்டதையும் கல்வெட்டுக் குறிப்புகளோடு அந்தச் சுவரில் காணலாம். ஒரு தமிழ்நாட்டு அரசன் தன் கதையைத் தானே கல்லில் எழுதுவித்த இடம் என்பதால் நான் இதைக் காஞ்சியின் எந்தக் கோபுரத்தையும் விட உயர்வாக மதிக்கிறேன்.

அவனுடைய மகன் தந்திவர்மனின் கல்வெட்டு உங்கள் சென்னையிலேயே, திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் இருக்கிறது. அதையும் ஒருநாள் மகளுக்குக் காட்டுங்கள்.

நங்கநல்லூர் அடியார்:

பெரியவர்கள் இருவரும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 14 திவ்ய தேசங்களை ஒரே நாளில் சேவிப்பதைச் சுற்றுலாக்காரரின் வியாபாரமாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று பணிவோடு சொல்ல விரும்புகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு நியமம். ஆழ்வார்கள் பாடிய இடத்தில் ஒரு கணம் நின்றாலும் போதும் என்ற எண்ணத்தோடு செல்பவர்களுக்குச் சிற்பத்தைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்பது குறையாகத் தோன்றாது.

அது நடக்கக்கூடியதும்தான். உலகளந்த பெருமாள் கோயில் ஒன்றிலேயே ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் ஆகிய நான்கு திவ்ய தேசங்கள் அடங்கியிருக்கின்றன. நிலாத்திங்கள் துண்டத்தான் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள்ளும், கள்வப் பெருமாள் காமாட்சி கோயிலுக்குள்ளும் எழுந்தருளியிருக்கிறார்கள். உங்கள் மாமியார் செல்ல விரும்பும் இரண்டு கோயில்களிலும் நீங்கள் தேடும் பெருமாளும் இருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? அதனால் நீங்கள் இருவரும் தனித்தனி வழியில் போக வேண்டிய அவசியமே இல்லை.

வைகுந்தப் பெருமாளை மேலே சொல்லிவிட்டார்கள். திருப்பாடகத்தில் பாண்டவதூதர் வீற்றிருந்த கோலத்தில் பெரிய திருவுருவாக இருக்கிறார். துரியோதனன் சபையில் எடுத்த விசுவரூபம் அது. சின்ன காஞ்சிபுரம் செல்லும் வழியில் அட்டபுயகரம், வேளுக்கை, வேதாந்த தேசிகர் 1268-இல் அவதரித்த தூப்புல் விளக்கொளிப் பெருமாள், திருவெஃகா ஆகியவை அருகருகே இருக்கின்றன. பவளவண்ணரையும் வரதரையும் சேர்த்தால் பதினான்கும் நிறைவாகும். பெரியவரோடு செல்லும்போது இதை மேற்கொள்ள வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் திருவெஃகாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெரம்பூர் வாசகி:

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை; மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அரசனான கதையைக் கேட்டதிலிருந்து வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு முதலில் போகலாம் என்கிறாள்.

மாமியார் ஏகாம்பரநாதரை ஏன் இவ்வளவு விரும்புகிறார் என்று கேட்டேன். திருவொற்றியூரில் கண்ணை இழந்த சுந்தரருக்கு இடக்கண் கிடைத்த இடம் அதுதானே, எனக்குப் பார்வை திரும்பியபோது வேறு எங்கே போவேன் என்றார். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் கதை அவர் மனத்தில் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் இன்னொரு கேள்வி: நாங்கள் காரில்தான் செல்கிறோம். சுந்தரர் திருவொற்றியூரிலிருந்து காஞ்சிக்குச் சென்ற வழியில் இன்றும் பார்க்கக்கூடிய இடங்கள் இருக்கின்றனவா? திருவெஃகாவை மட்டும் விடாதீர்கள் என்று சொன்னதன் காரணத்தையும் அறிய விரும்புகிறேன்.

பூவிருந்தவல்லி வாசகர்:

சகோதரி, உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். காஞ்சி யாத்திரையை நாம் காஞ்சியின் எல்லையில்தான் தொடங்குகிறோம். சென்னையில் இருப்பவர்களுக்கு அது வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது என்பதுதான் என் உறுதியான எண்ணம். நீங்கள் கேட்டது அதற்கு வழி திறக்கிறது.

சங்கிலியாரை மணந்தபோது உன்னைப் பிரியேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்து அவர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளியிழந்தன. திருவொற்றியூரில் மகிழடி சேவை இன்றும் நடப்பதை உங்கள் மாமியார் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பார். அங்கிருந்து சுந்தரர் வந்து பாடிய இடம் வடதிருமுல்லைவாயில். நம் அம்பத்தூரை அடுத்துள்ள திருமுல்லைவாயில்தான் அது. அடுத்தது திருவெண்பாக்கம், அங்கே இறைவன் அவருக்குக் கண்ணைத் தராமல் ஊன்றுகோல் ஒன்றைத் தந்தார். அந்தப் பழைய ஊர் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக நீரில் மூழ்கியது. கோயிலை இடம் மாற்றி அமைத்திருக்கிறார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியின் அடியில் சுந்தரர் நின்ற மண் இருக்கிறது என்ற நினைப்பே என்னை நெகிழச் செய்கிறது. பிறகு திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த தலம் என்பதால் சுந்தரர் ஊருக்குள் கால் வைக்காமல் வெளியிலிருந்தே பாடினார். அதன் பிறகு காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. திருமுல்லைவாயில், பூண்டி, திருவாலங்காடு வழியாகக் காஞ்சி செல்வது சுற்றுவழிதான். ஆனால் உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை ஐந்து கோயில்களைக் கூடுதலாகப் பார்ப்பதைவிட இந்தச் சாலையில் ஒருமுறை பயணம் செய்வதுதான் பெரிது என்று நினைக்கிறேன். காலையில் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்காது. திருமுல்லைவாயிலை ஒரு வாரம் முன்பே தனியாகத் தரிசித்துவிட்டு, பயணத்தன்று பூண்டியில் மட்டும் நிற்கலாம்.

அதே பகுதியில் இருக்கும் திருநின்றவூரையும் மகள் குறித்துக்கொள்ளட்டும். கையில் பொருள் இல்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைத் தன் கற்றளிக்குக் குறித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை நாம் பூசலாரின் கோயிலுக்குச் செல்வதால் உன் விழாவைத் தள்ளி வை என்றார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. மன்னன் காஞ்சியில் கட்டிய அந்தக் கோயில் கைலாசநாதர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கைலாசநாதர் கோயிலின் பிரகாரத்தில் நிற்கும்போது அதனோடு போட்டியிட்டு வென்ற, கல்லே இல்லாத ஒரு கோயிலும் அவள் நினைவில் இருக்கட்டும்.

உங்களுக்கான சாலை இன்னொன்று. அதுதான் பெங்களூர் நெடுஞ்சாலை. எங்கள் பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர், பெருமாளோடு நேரில் பேசியவர் என்று போற்றப்படுபவர். அடுத்துத் திருமழிசை. அதன் பிறகு ராமானுஜர் 1017-இல் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். அங்குள்ள உற்சவர்தான் அவர் காலத்திலேயே எழுந்தருளச் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் தான் உகந்த திருமேனி. காசி யாத்திரையில் தம் உயிருக்கு ஆபத்து வந்தபோது வேடத் தம்பதியராக வந்து வழிகாட்டியவர்கள் வரதரும் தாயாரும்தான் என்று அறிந்த ராமானுஜர், அவர்கள் தண்ணீர் கேட்ட சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் வரதருக்குத் தீர்த்தம் சுமந்துசென்றார். அவருடைய ஐயங்களுக்கு வரதர் திருக்கச்சி நம்பிகளின் வாயிலாக ஆறு வார்த்தைகளில் விடை தந்தார். பூவிருந்தவல்லியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நின்று வணங்கிவிட்டு அத்திகிரிப் படிகளை ஏறினால், அந்த மூவரின் உறவும் உங்களோடு கூடவே வரும்.

திருவெஃகாவைப் பற்றிக் கேட்டீர்கள். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். தன்னைப் பாட மறுத்தார் என்பது காரணம். சீடனோடு ஆழ்வாரும் புறப்பட்டார். போகும்போது, கணிகண்ணன் போகிறான், நானும் போகிறேன், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொள் என்று பெருமாளிடம் சொன்னார். பெருமாளும் எழுந்து பின்னால் நடந்தார். நகரம் இருண்டது, மன்னன் ஓடிவந்து மன்னிப்பு வேண்டினான். அவர்கள் அந்த ஓர் இரவு தங்கிய ஓரிரவிருக்கைதான் இன்றைய ஓரிக்கை. திரும்பி வந்து ஆழ்வார் சொன்னபடியே மீண்டும் படுத்ததால் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். வழக்கமான திசைக்கு மாறாக அவர் சயனித்திருப்பதை நீங்களே காண்பீர்கள். முதலாழ்வார்களில் பொய்கையாழ்வார் அவதரித்த பொய்கையும் அங்கேதான். பேயாழ்வார் நம் மயிலாப்பூரில் அவதரித்தவர்.

பெரம்பூர் வாசகி:

உங்கள் பதிலை மாமியாரை அருகில் உட்காரவைத்துப் படித்தேன். பூண்டியைப் பற்றிய இடத்தில் இன்னொருமுறை படிக்கச் சொன்னார்.

இரண்டு முறையாகச் செல்வது என்று முடிவு செய்துவிட்டோம். முதல் பயணம் மாமியாருக்காக: பூண்டி வழியாகச் சென்று ஏகாம்பரநாதர், காமாட்சி, அங்கேயே உள்ள இரண்டு திவ்ய தேசங்கள், மாலையில் வைகுந்தப் பெருமாள். இரண்டாவது பயணத்தில் ஓர் இரவு காஞ்சியிலேயே தங்கி, காலை வெயிலில் கைலாசநாதர், பிறகு திருவெஃகா, வரதர். அதற்குப் பூவிருந்தவல்லி சாலையில் செல்கிறோம். முதல் பயணத்துக்கு வெள்ளிக்கிழமை பொருந்துமா?

திருவல்லிக்கேணி வாசகர்:

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் காமாட்சி கோயிலில் கூட்டம் மிகுந்திருக்கும். பெரியவரால் வரிசையில் நிற்க முடியாது. செவ்வாய் அல்லது புதன் கிழமையில் செல்லுங்கள். பூண்டி வழியாகச் செல்வதானால் ஏகாம்பரநாதரை நண்பகலுக்குள் அடைவது கடினம். காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் மாலைக்கு மாற்றி, வைகுந்தப் பெருமாளை நடை திறந்தவுடன் முதலில் பார்த்துவிடுங்கள். நண்பகலில் பிரகாரக் கற்கள் கால் வைக்க முடியாதபடி சுடும் என்பதால் இந்த மாற்றம் மாமியாருக்கும் நல்லதே. இரண்டாம் பயணத்தில் வரதர் கோயிலில் குடலை இட்டிலி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த அந்தப் பிரசாதம் மறுநாள் வரை கெடாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் கொண்டுவரலாம்.